மறுமொழி: தெர்மோஸ்டாட்டுக்கு 'மீளிணைப்பு' சரிவருமா?

வணக்கம் நண்பர்களே,

> கம்பியில்லா தெர்மோஸ்டாட்டைக் கொதிகலனோடு மறுபடி சேர்ப்பதற்கு 'மீளிணைப்பு' என்று போட்டுவிடலாமா?

இங்கிலாந்தில் பிள்ளைகளோடு இருக்கும் பெரியவர்களுக்கான வீட்டுச் சூடேற்றக் கையேட்டுக்காகக் கேட்டிருந்தீர்கள், அக்கா. வேண்டாம் என்பதுதான் என் கருத்து. சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை அது சொல்வதில்லை.

ஏனென்றால் அங்கே அறுந்துபோகக்கூடியவை இரண்டு. வரவேற்பறையில் இருக்கும் தெர்மோஸ்டாட், அதாவது அறையின் சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி, பேட்டரியில் ஓடுகிறது, அறை குளிர்ந்ததும் 'சூடு வேண்டும்' என்று ரேடியோ அலையில், ஐரோப்பாவில் பெரும்பாலும் 868 மெகாஹெர்ட்ஸில், சொல்கிறது, வீட்டைச் சூடாக்கும் கொதிகலனோடு கம்பியால் சேர்த்திருக்கும் பெறுவி (ரிசீவர்) அதைக் கேட்டு ரிலே என்ற மின்சுவிட்சை மூட, கொதிகலன் எரிகிறது. பேட்டரி இறங்கிவிட்டாலோ, தெர்மோஸ்டாட்டை இரும்பு அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டாலோ இந்தப் பேச்சு நின்றுவிடும். இன்னொன்று அடையாளம். யார் சொன்னாலும் பெறுவி கேட்காது. தன் நினைவகத்தில் பதிந்திருக்கும் அடையாள எண்ணுடைய தெர்மோஸ்டாட் சொன்னால் மட்டும்தான் கேட்கும். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரர் சூட்டைக் கூட்டினால் நம் கொதிகலன் எரியக் கூடாது அல்லவா?

சிங்கப்பூரில் வீட்டைச் சூடாக்கும் வேலையே இல்லை என்றாலும் இந்த வேறுபாடு நம் கையிலேயே இருக்கிறது. ஏர்கான் ரிமோட்டைப் பாருங்கள்: அகச்சிவப்பு ஒளியில் பேசுகிறது, அதே வகை ரிமோட் யாருடையதாக இருந்தாலும் நேரே நீட்டினால் ஏர்கான் ஓடும். தரைவீடுகளின் தானியங்கி கேட் அப்படியில்லை, புது ரிமோட் வாங்கினால் அதைக் கேட்டின் மோட்டாரில் பதிந்தால்தான் திறக்கும். முதலாவதில் தொடர்பு மட்டும் உண்டு. இரண்டாவதில் தொடர்பும் வேண்டும், பிணைப்பும் வேண்டும்.

ஆகவே நான் முன்வைக்கும் சொற்கள் இவை. அலைவழியே பேச்சு நடப்பது தொடர்பு. ஒரு கருவி இன்னொன்றின் அடையாளத்தைப் பதிந்துவைத்திருப்பது பிணைப்பு. அதைப் புதிதாகச் செய்வது மறுபிணைப்பு. பேட்டரி தீர்ந்தால் போவது தொடர்புதான். பெரும்பாலான கருவிகளில் மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் பிணைப்பு பத்திரமாக இருக்கும். தெர்மோஸ்டாட்டையோ பெறுவியையோ மாற்றும்போதுதான் மறுபிணைப்பு தேவை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், இரண்டு பேட்டரி போட்டுச் சரிசெய்திருக்க வேண்டியவர் பெறுவியின் பொத்தானை நெடுநேரம் அழுத்திப் பிடிப்பார், சில கருவிகளில் அதுவே பழைய பதிவை அழித்துவிடும், அப்புறம் உண்மையிலேயே மறுபிணைப்பு செய்தாக வேண்டும்.

'இணை' மீது எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. 1997இல் தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமி முன்னின்று இங்கே தமிழிணைய மாநாடு நடத்திய காலத்திலிருந்து நம் வாயில் ஊறிய சொல் அது. ஆனால் இணையம், மின்னஞ்சல் இணைப்பு, தொலைபேசி இணைப்பு, குழாய் இணைப்பு என்று ஏற்கெனவே எத்தனையோ வேலை பார்க்கிறது. இதையும் அதன் தலையில் கட்ட வேண்டாம்.

'பிணை என்றால் ஜாமீன் அல்லவா?' என்று கேட்பீர்கள்.

தனியாக நின்றால் ஜாமீன்தான். பிணைப்பு என்று வந்தால் யாரும் நீதிமன்றத்தை நினைப்பதில்லை. பள்ளி வேதியியலில் அணுக்களின் பிணைப்பைப் படித்தவர்கள்தானே நாம். வினையாகவும் தடையில்லாமல் வருகிறது: பிணைத்தேன், பிணைந்தது, பிணைக்கவும், பிணைப்பை நீக்கு. கலைச்சொல்லுக்கு இந்தச் சோதனை முக்கியம், ஏனென்றால் கையேட்டில் பெயர்ச்சொல்லைவிட ஏவல்தான் அதிகம் வரும். 'ஜோடி சேர்த்தல்' பேச்சுக்கு இனிமை, ஆனால் ஒரே பெறுவியோடு மூன்று அறைக் கருவிகளைச் சேர்க்கும் அமைப்புகளும் உண்டு. அங்கே ஜோடி நிற்காது.

தெர்மோஸ்டாட்டை அப்படியே விடலாம். முந்தைய மடலில் வந்த 'வெப்பநிறுத்தி' எனக்கு ஒப்பவில்லை, படிப்பவர் சூட்டை நிறுத்தும் பொத்தான் என்றே எடுத்துக்கொள்வார். கொதிகலன் சரி. வீட்டில் அது தண்ணீரைக் கொதிக்க வைப்பதில்லை என்றாலும் பழகிய சொல்.

கையேட்டில் இப்படி எழுதிப் பாருங்கள், அக்கா:

'முதலில் தொடர்பைச் சரிபார்க்கவும். தெர்மோஸ்டாட்டுக்குப் புது பேட்டரி போட்டு, பெறுவி இருக்கும் அறைக்குக் கொண்டுபோய் வெப்பநிலையைக் கூட்டிப் பார்க்கவும். அப்போதும் கொதிகலன் எரியாமல், பெறுவிக்கும் கொதிகலனுக்கும் மின்சாரம் வருவதும் உறுதியானால், மறுபிணைப்பு செய்யவும். பெறுவியின் பொத்தானை விளக்கு சிமிட்டும்வரை அழுத்திப் பிடித்து, தெர்மோஸ்டாட்டையும் பிணைப்பு நிலைக்குக் கொண்டுவரவும். சிமிட்டல் நின்றால் பிணைந்துவிட்டது.'

எந்தப் பொத்தான், எத்தனை விநாடி, விளக்கு எப்படிச் சிமிட்டும் என்பது கருவிக்குக் கருவி மாறும், அதை அந்தந்தத் தயாரிப்பாளரின் ஏட்டைப் பார்த்து நிரப்புங்கள். பெறுவியின் மூடியைத் திறக்கக் கூடாது, உள்ளே 230 வோல்ட் ஓடுகிறது என்ற வரி கட்டாயம் வேண்டும். எரிவாயுக் கொதிகலனின் உள்வேலைக்கு அங்கே கேஸ் சேஃப் (எரிவாயு வேலை செய்வோருக்கான பதிவேடு) பதிவு உள்ளவரைத்தான் அழைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

'பெறுவி'யை இப்போதைக்குப் போட்டிருக்கிறேன். 'அலைவாங்கி' பெரியவர்களுக்கு இன்னும் எளிதாக இருக்குமா? யாழ்ப்பாணத்து நண்பர்கள் சொன்னால் மாற்றிக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து