பல்லி இனப் பெண்ணுக்கும் மனித மார்பு எதற்கு?

கேள்வி: வீடியோ கேம்களில் ஓர்க், ட்ரோல் எனும் கற்பனை அரக்க இன ஆண்களுக்குக் கூன், தந்தம், பெருத்த தாடை. பெண்களுக்கு மட்டும் நிறம் மாற்றிய ஒரே மெல்லிய மனித உடல். ஏன்?

பதில் 1: பாதி காரணம் கவசம். ஸ்கைரிம் கேமில் (2011) ஆர்கோனியன் எனும் பல்லி இனப் பெண்ணுக்கும் மனித உடல் மெஷ்தான் (முப்பரிமாண வடிவம்). தலை, வால் வேறு. உடலை மாற்றினால் ஒவ்வொரு கவசத்தையும் மறுபடி பொருத்தி, வெயிட் பெயின்ட் (எந்த எலும்பு அசைந்தால் எந்தப் பகுதி எவ்வளவு நகரும் என்று குறிப்பது) செய்ய வேண்டும். தவறினால் கை தூக்கும்போது தோள் கவசத்தைத் துளைத்துக்கொண்டு தோல் துருத்தும்.

பதில் 2: ஸ்கைரிமில் ஆண்களுக்கும் அதே கதைதான், சரி. ஆனால் ஆணுக்குத் தனி உடல் செய்துவிட்டுப் பெண்ணுக்குக் கை சுருக்கினால் அது சாக்கு. கில்ட் வார்ஸ் 2 கேமில் (2012) ‘சார்’ (Charr) எனும் பூனை போன்ற விலங்கு இனப் பெண்களுக்கு மனித மார்பு கிடையாது. கொம்பும் அடர்ந்த வாலுமே அடையாளம்.

பதில் 3: உருவங்களைக் கறுப்பு நிழலாக்கி வரிசையாக வையுங்கள். இனம் பிடிபடாவிட்டால் தாடை, தோள் அகலம், முதுகு வளைவைத் திருத்துங்கள். டெக்ஸ்சரில் (உடல்மேல் போர்த்தும் நிறப்படம்) கைவைப்பது வீண்.