நாலு டிஸ்க்கில் 2900 மெகாபைட்டாம்!

உப்புவெளியான்: நேற்று இங்கே ஒருவர், 'நாலு ஹார்ட் டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்துப் போட்ட என் றெய்ட்-5 அமைப்பு, ஒரு நொடிக்கு 2900 மெகாபைட் வாசிக்கிறது' என்று எழுதியிருந்தார். வாசித்ததும் எனக்குத் தேத்தண்ணி புரையேறிவிட்டது. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க், புதிது என்றால் நொடிக்கு 250 மெகாபைட்டை ஒட்டி வரும். நாலையும் கூட்டினாலும் ஆயிரம். மிச்சம் 1900 எங்கேயிருந்து வந்தது? கோணேசர் அருளா?

நிலாவெளி ஸ்டூடியோ: அந்த 'ஒருவர்' நான்தான். பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். 4 கிகாபைட் கல்யாண வீடியோவை லினக்ஸின் டிடி (dd) கட்டளையால் மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் 540. அடுத்த இரண்டு தரமும் 2900. மூன்றுக்கு இரண்டு, பெரும்பான்மை என்று ஒன்று இருக்கிறது.

உப்புவெளியான்: ரேம் எவ்வளவு?

நிலாவெளி ஸ்டூடியோ: 16 கிகாபைட். டிஸ்க்கைப் பற்றிப் பேசும்போது ரேம் எதற்கு?

உப்புவெளியான்: அங்கேதான் விஷயமே. முதல் தரம் வாசித்ததை லினக்ஸ் ரேமில் வைத்துக்கொண்டது. அடுத்த இரண்டு தரமும் டிஸ்க்கைத் தொடவே இல்லை. நீங்கள் அளந்தது ரேமை. ரேமில் அடங்காத 32 கிகாபைட் கோப்பால் அளந்து போடுங்கள், பார்ப்போம்.

கடற்கரை வீதி: மெகாபைட் என்றால் 1000 கணக்கா, 1024 கணக்கா? அதை முதலில் சொல்லுங்கள்.

உப்புவெளியான்: 32 கிகாபைட் கோப்பு. அவ்வளவுதான் கேட்கிறேன்.

நிலாவெளி ஸ்டூடியோ: ரேமுக்கு அது டிஸ்க்கிலிருந்துதானே போனது? வானத்திலிருந்தா விழுந்தது? வந்த கணக்கைத்தான் சொன்னேன்.

சீனன்குடா: டிஸ்க் வேகம் அளக்கும் எச்டிபார்ம் (hdparm) கட்டளையில் பெரிய எழுத்து டீ (-T) போட்டுப் பாருங்கள் அண்ணை, இன்னும் கூட வரும். அது கேஷை, அதாவது ரேமில் வைத்துக்கொண்டதை, மட்டும் அளக்கும். சின்ன எழுத்து டீதான் டிஸ்க்குக்கு. அந்த 540ஐயும் அப்படியே நம்ப வேண்டாம். டிஸ்க்கின் வெளி ஓரத்தில் வேகம் கூட, உள்ளே போகப் போக ஏறக்குறையப் பாதியாகிவிடும். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் ஒன்றில் மட்டும் குளித்துவிட்டு ஏழுக்கும் சூடு சொல்கிற கதைதான்.

உப்புவெளியான்: தம்பி, ஓரத்தையும் உள்ளையும் பிறகு பார்ப்போம். 540ஐ யார் கேட்டது? என் கேள்வி 2900.

சீனன்குடா: உங்களுக்கு ஆதரவாகத்தானே அண்ணை எழுதினேன்.

உப்புவெளியான்: ஆதரவு வேண்டாம். 32 கிகாபைட் கோப்பு வேண்டும்.

நிலாவெளி ஸ்டூடியோ: போன வருஷம் 'புதுசு மாதிரி' என்று எனக்கு ஒரு டிஸ்க் விற்றீர்களே, உப்புக்காற்றில் கனெக்டர் துருப்பிடித்து இருந்தது. அதை எந்தக் கோப்பால் அளந்தீர்கள்?

உப்புவெளியான்: பார்த்துத்தானே வாங்கினீர்கள்? விலை குறைத்துக் கேட்டபோது துரு தெரியவில்லையோ?

கடற்கரை வீதி: ஸ்டூடியோக்காரரின் எடிட்டிங் கணினி கிகாபிட் நெட்வேர்க் வயரில்தான் றெய்டோடு பேசுகிறது. அதில் நொடிக்கு 125 மெகாபைட்டுக்கு மேல் போகவே வழியில்லை. 540 என்றால் என்ன, 2900 என்றால் என்ன?

நிலாவெளி ஸ்டூடியோ: என் வயரைப் பற்றி உங்களிடம் யார் கேட்டது?

உப்புவெளியான்: ஆறாவது தரம் கேட்கிறேன். கேஷைக் காலி செய்துவிட்டாவது ஒரு தரம் ஓட்டினீர்களா, இல்லையா?

சீனன்குடா: ஆறாவது இல்லை அண்ணை, நாலாவது.

உப்புவெளியான்: எண்ணிக்கொண்டு இருக்கிறீரா? டிஸ்க்கையும் அப்படி ஒழுங்காக அளக்கச் சொல்லும் அவரை.

நிலாவெளி ஸ்டூடியோ: இப்போது இன்னொரு தரம் ஓட்டினேன், அதே கல்யாண வீடியோ. 2910.