தாம்பரம் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளி: எங்கள் அனுபவம்

2020-இல் கொரோனா நேரத்தில் வீட்டில் வருமானம் பாதியானபோது, இரண்டு பிள்ளைகளையும் மெட்ரிக் பள்ளியிலிருந்து மாற்றி, வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள அரசு மேல்நிலைப் பள்ளியில் சேர்த்தோம். பையன் ஒன்பதாவது, பெண் ஆறாவது. பையன் இப்போது கல்லூரியில் படிக்கிறான், பெண் பிளஸ் ஒன் வந்துவிட்டாள். பிள்ளையை மாற்றலாமா என்று யோசிக்கும் பெற்றோர் என்னிடம் கேட்பது, "பாடம் ஒழுங்காக நடத்துவாங்களா?" என்பதுதான். நான் முதலில் கேட்பது வேறு: "பிள்ளை எத்தனாவது படிக்குது?"

காரணம் இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த வருஷமே பொறியியல், வேளாண்மை, சட்டம் என்று நீட்டினார்கள். அதில் பொறியியலுக்குப் போகிற பிள்ளைக்குக் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. இது கிடைக்க ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டத்திலும், 2024-இல் பையன்களுக்கு வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் இதே ஆறு முதல் பன்னிரண்டு கணக்குதான். எங்கள் வீட்டிலேயே பெண்ணுக்கு எல்லாத் தகுதியும் உண்டு. ஒன்பதாவதில் சேர்ந்த பையனுக்கு ஒன்றும் இல்லை. ஏழாவது எட்டாவது வரை தனியாரில் படிக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு விலக்கு உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஇ) ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் ஒதுக்கும் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கும் 7.5 சதவீதம் கிடைக்கும். பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நான் இருப்பதால் இதைக் கண்ணால் பார்த்தேன். காலையில் இட்லிக்கடை போடும் ஓர் அம்மாவின் மகன் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். மாணவர் விவரங்களைப் பதிந்துவைக்கும் எமிஸ் இணையதளத்தில் சரிபார்க்கும்போது வகுப்பாசிரியைதான் கவனித்தார். "தம்பி, நீ அந்த ஸ்கூல்ல ஃபீஸ் கட்டியா படிச்சே?" என்று கேட்டார். "இல்ல மிஸ், ஆர்டிஇ" என்றான் பையன். அன்று சாயங்காலமே அந்த அம்மாவைக் கூப்பிட்டு, பழைய பள்ளியில் என்ன சான்றிதழ், எந்த வாசகத்தோடு வாங்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பழைய பள்ளியில் நாளை வா, மறுநாள் வா என்று இழுத்தடித்தார்கள். டீச்சர் போனில் பேசிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார்கள். பையன் இன்று பொறியியல் படிக்கிறான், காசு கட்டாமல். அந்த டீச்சர் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால் திட்டம் இருந்தும் அவனுக்கு இல்லை.

உதவித்தொகைத் தேர்வுகளும் இப்படித்தான், யாராவது சொன்னால்தான் தெரிகிறது. எட்டாவதில் என்எம்எம்எஸ் என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வு எழுதித் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பிளஸ் ஒன்னில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு இருக்கிறது, பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம்தான் பாடம். 1,500 பேருக்கு இரண்டு வருஷம் மாதம் 1,500 கொடுக்கிறார்கள், அதில் பாதி அரசுப் பள்ளிக்கு. ஒன்பதாவதில் எழுதும் ஊரகத் திறனாய்வுத் தேர்வு மட்டும் எங்கள் பக்கத்துக்கு இல்லை, அது கிராமம், பேரூராட்சிப் பள்ளிகளுக்குத்தான். சிட்லபாக்கம், பெருங்களத்தூரெல்லாம் பேரூராட்சியாக இருந்தவரை எழுத முடிந்தது. 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்ததும் அது போயிற்று.

பாடம் தாண்டி என்ன இருக்கிறது என்று கேட்டால் கலைத் திருவிழாவைச் சொல்வேன். 2022-இலிருந்து நடக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போகும். எங்கள் பள்ளிப் பறைக் குழு வட்டாரப் போட்டிக்குப் போனபோது துணைக்குப் போயிருந்தேன். மேடைக்குப் பின்னால் பிள்ளைகள் வைக்கோலைக் கொளுத்தி, பறையைத் திருப்பித் திருப்பிக் காய்ச்சினார்கள். ஒரு பையன் சிண்டுக்குச்சியால் லேசாகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம்" என்றான். வகுப்பில் வாயே திறக்காத பையன் என்று அவனைப் பற்றிச் சொல்வார்கள். அங்கே மற்ற எட்டுப் பேரும் அவன் சொல்லுக்குக் காத்திருந்தார்கள். மாவட்டத்துக்குத் தேர்வாகவில்லை, ஆனால் இப்போது ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவன்தான் அடி சொல்லிக் கொடுக்கிறான். என் பெண்ணும் போய் உட்கார்ந்திருக்கிறாள்.

குறையும் இருக்கிறது. வகுப்பில் நெரிசல் அதிகம். மாற்றல் கலந்தாய்வு முடிந்ததும் இயற்பியலுக்கு ஆள் இல்லாமல் போய், தற்காலிக ஆசிரியர் வரும்வரை பிள்ளைகள் தவித்தார்கள். குழுக் கூட்டத்தில் விடாமல் கேட்டோம், தீர்மானம் எழுதினோம், அதற்கப்புறம்தான் வந்தார். கழிப்பறைக்கும் அப்படியே. குழுவுக்குத் தலைவரும் ஒரு மாணவரின் பெற்றோர்தான், அதனால் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. கூட்டத்துக்குப் போங்கள்.

பிளஸ் டூ பிள்ளைகளை "நான் முதல்வன்" என்ற அரசுத் திட்டத்தில் கல்லூரியைச் சுற்றிக் காட்டக் கூட்டிப்போகிறார்கள். தேறியும் எங்கும் சேராதவர்களுக்கு "உயர்வுக்குப் படி" என்று முகாம் போடுகிறார்கள், சான்றிதழ் வேலையைக்கூட அங்கேயே பார்க்கலாம்.

மாற்றப் போகிறவர்கள், பிள்ளை ஆர்டிஇ-யில் படித்திருந்தால் அதற்கான சான்றிதழையும் டிசி வாங்கும் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். புதிய பள்ளியில் எமிஸில் பெயர், பிறந்த தேதி, பழைய பள்ளி விவரம் மூன்றும் சரியாக ஏறியிருக்கிறதா என்று வகுப்பாசிரியரிடம் ஒரு தடவை காட்டச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.