வளவு வீட்டுக் குழு: ஒன்பதாவது உருண்டை

சுதா அக்கா: தனுவுக்கு நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. சூரிய குடும்பம் செய்கிறோம். ரெஜிபோம் உருண்டை எட்டா ஒன்பதா? அவசரம்.

குகன் பெரியப்பா: ஒன்பது. இதென்ன கேள்வி.

நிரோ: எட்டு.

குகன் பெரியப்பா: நான் படித்த காலத்தில் ஒன்பது.

நிரோ: அது அப்ப. 2006 ஆகஸ்ட் 24ஆம் திகதி பிராக் நகரில் சர்வதேச வானியல் ஒன்றியம் கூடி, புளூட்டோவைக் குறுங்கோள் என்று முடிவெடுத்தது. கோள் என்றால் மூன்று நிபந்தனை பெரியப்பா. சூரியனைச் சுற்ற வேண்டும். தன் ஈர்ப்பிலேயே உருண்டையாகிற அளவுக்குப் பாரம் வேண்டும். தன் பாதையில் கிடக்கிறதை எல்லாம் இழுத்தோ எறிந்தோ ஒதுக்கியிருக்க வேண்டும். புளூட்டோ முதல் இரண்டிலும் பாஸ், மூன்றாவதில் பெயில்.

செல்வி மாமி: என்னகா நீங்க, நவக்கிரகம் ஒன்பதுதானே.

நிரோ: அதில் ராகு, கேது, சூரியன், சந்திரன் எல்லாம் இருக்கு மாமி. புளூட்டோ எப்பவுமே இல்லை.

செல்வி மாமி: அப்ப ஐயரிட்டக் கேளுங்க. வெள்ளிக்கிழமை மாமாங்கம் கோயிலுக்குப் போக வேன் சொன்னதா?

கஜன் (கட்டார்): மூன்றாவது விளங்கல மச்சான்.

நிரோ: கல்லடிப் பாலத்தில் ஒரு யானை வந்தால் எல்லாம் ஒதுங்கும். அதுதான் வியாழன். புளூட்டோ, பள்ளிக்கூடம் விட்ட நேரத்துச் சைக்கிள் கூட்டத்தில் ஒரு சைக்கிள். நெப்டியூனுக்கு அங்கால் கைப்பர் பட்டை முழுக்கப் பனி உருண்டைகள். பிறகு ஏரிஸ் என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பருமன் கிட்டத்தட்ட புளூட்டோ அளவுதான், பாரம் அதைவிடக் கூடுதல். அதையும் சேர்த்தால் எங்க நிறுத்துவது?

கஜன் (கட்டார்): யானைக்குப் பாலத்தில் ஹெல்மெட் வேணுமா 😂

குகன் பெரியப்பா: 1930இல் கண்டுபிடித்து 76 வருசம் வைத்திருந்துவிட்டு, ஒரு கூட்டத்தில் கை தூக்கித் தள்ளிவிட்டார்கள். அதே வருசம்தான் தர்சினியின் கல்யாணக் கார்ட்டிலும் என் பெயர் இல்லை.

தர்சினி: பெரியப்பா 🙏 அச்சடிக்கிறபோது விட்டுப்போனது என்று எத்தனை தரம் சொல்லுறது.

செல்வி மாமி: இப்ப அது வேண்டாம்.

நிரோ: தள்ளி வைத்தது இல்லை பெரியப்பா. சீரிஸை 1801இல் கண்டுபிடித்துக் கோள் என்றார்கள், பிறகு சிறுகோளாக்கினார்கள், 2006இல் குறுங்கோளாகப் பதவி உயர்வு. இப்ப ஐந்து பேர்: சீரிஸ், புளூட்டோ, ஹவுமியா, மகேமகே, ஏரிஸ். ஹவுமியா நாலு மணித்தியாலத்துக்குள் ஒருமுறை சுழலுகிற வேகத்தில் முட்டை மாதிரி நீண்டு

சுதா அக்கா: நிரோ. எத்தனை உருண்டை?

நிரோ: எட்டு.

சுதா அக்கா: [படம்] இவன் ஒன்பதாவதுக்கும் பெயின்ட் அடித்திட்டான். பழுப்பில் வெள்ளை இதயம், 2015இல் விண்கலம் எடுத்த படத்தைப் பார்த்து. காயக்கூட இல்லை.

குகன் பெரியப்பா: நல்லா இருக்கு. அதையும் கம்பியில் குத்து.

நிரோ: குத்தலாம், ஆனால் பெயர் அட்டையில் குறுங்கோள் என்று எழுதுங்க. பிறகு டீச்சர் மற்ற நாலும் எங்கே என்று கேட்பா.

செல்வி மாமி: அந்தக் கல்யாணக் கார்ட் என்ட அலுமாரியில் இருக்கு. எடுத்துப் பார்க்கவா?

தர்சினி: மாமி வேண்டாம்.

குகன் பெரியப்பா: பாருங்க.

சுதா அக்கா: பசை முடிஞ்சுது. ஊறணிப் பக்கம் கடை திறந்திருக்கா?