குறுந்தொகையில் உங்களைப் பிடித்து நிறுத்திய பாட்டு எது?

பறவைகளைப் பென்சிலில் வரைவேன். ஒருநாள் ஏரிக்கரையில் மடையான் என்கிற கொக்கு ஒன்றை வரைந்துகொண்டிருந்தபோது அதன் காலில் கண் நின்றுவிட்டது. ஒல்லியாக, மங்கிய பச்சையில் இருந்தது. உடனே கபிலர் ஞாபகம். குறுந்தொகை 25ஆம் பாட்டில் குருகை, அதாவது கொக்கை, "தினைத்தாள் அன்ன சிறுபசுங்கால" என்கிறார்; தினைத் தண்டு போன்ற சிறிய பச்சைக் கால். மனப்பாடமாகத் தெரிந்த வரிதான். ஆனால் தண்ணீரோரம் நின்று பார்த்த ஒருவர் எழுதியது அது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

பாட்டின் நிலைமை தெரியும்தானே? தலைவன் தலைவியோடு கூடிய அன்று சாட்சிக்கு யாரும் இல்லை. அவன் பொய் சொன்னால் அவள் என்ன செய்வாள்? அங்கே நின்றது ஒரு குருகு, அதுவும் ஓடுகிற நீரில் ஆரல் மீனையே பார்த்துக்கொண்டு. நான் வரைந்த மடையானும் அப்படித்தான், எவ்வளவு கிட்டே போயும் கழுத்தைத் திருப்பவில்லை. அந்தக் கால்களை அவள் இத்தனை துல்லியமாகச் சொல்வதால்தான் அவள் சொல்கிற மற்றதையும் நம்புகிறோம். பாட்டின் அழகு முழுக்க அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

*

ஆமாம், எனக்கு இது 167ஆம் பாட்டில் நடந்தது. கூடலூர் கிழார் பாடியது. புதுமணப் பெண் ஒருத்தி, முற்றிய தயிரைப் பிசைந்த விரலை ஆடையில் துடைத்துக்கொண்டு, அதைத் துவைக்காமலே உடுத்தியிருக்கிறாள். தாளிப்புப் புகை கண்ணை நிறைக்கிறது. அவள் பாடுபட்டுச் சமைத்த புளிக்குழம்பை அவன் 'இனிது' என்று சாப்பிட, அவள் முகத்தில் லேசாக ஒரு மகிழ்ச்சி. ஆறே வரி. மகள் வீட்டுக்குப் போய்வந்த செவிலித்தாய் பெற்றவளிடம் சொல்வது.

நான் நாடகம் எழுதுகிறவன். புதுமணத் தம்பதியின் காட்சி ஒன்றில் கொஞ்சல் வசனம் நிரம்பி வழிந்தது. இந்தப் பாட்டைப் படித்ததும் வசனத்தை எடுத்துவிட்டு அவள் கைக்கு ஒரு வேலை கொடுத்தேன். ஒத்திகையில் நடிகை தலை நிமிராமலே சிரித்தார், காட்சிக்கு உயிர் வந்தது. கறை படிந்த ஆடையைச் செவிலி மறைத்திருந்தால் அந்த மகிழ்ச்சி நமக்கு எட்டியிருக்குமா?

*

இரண்டும் அருமை. ஆனால் நுணுக்கமாகப் பார்ப்பதுதான் எல்லாம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். ஔவையாரின் 28ஆம் பாட்டை எடுங்கள். "முட்டு வேன்கொல் தாக்கு வேன்கொல்", முட்டட்டுமா, தாக்கட்டுமா என்று தொடங்கி, 'ஆ, ஒல்' என்று கூவட்டுமா என்கிறாள் தலைவி. தன் நோய் தெரியாமல் தூங்குகிற ஊர் மேல் அவளுக்கு அவ்வளவு ஆத்திரம்.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு ராத்திரி, வராந்தாவில் நிம்மதியாகத் தூங்கியவர்கள் மேல் எனக்கும் அப்படித்தான் வந்தது. அவர்கள் என்ன செய்தார்கள், பாவம். அவள் நோய் காதல், என்னுடையது வேறு. ஆனாலும் நியாயமே இல்லாத ஒரு கோபத்தை ஔவையார் பூசி மெழுகாமல் வைத்துவிட்டார். அந்தப் பாட்டில் குருகும் இல்லை, தினைத்தாளும் இல்லை. உவமை என்று ஒன்றுகூடக் கிடையாது. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?