டிவிஆரில் பதிவான விபத்துக் காட்சியை அழிவதற்குள் எடுத்து வைப்பது எப்படி?

கேள்வி (பாளையங்கோட்டை)

வீட்டில் நான்கு கேமரா, ஒரு டிவிஆர் (கேமரா காட்சிகளைப் பதிந்து வைக்கும் பெட்டி), உள்ளே 1 டிபி ஹார்ட் டிஸ்க். போன வாரம் வியாழக்கிழமை விடியற்காலை எங்கள் தெருமுனையில் பூக்கட்டும் அக்காவை ஒரு லோடு ஆட்டோ இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. தொடை எலும்பு முறிந்து இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். எந்த வண்டி என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் வாசல் கேமரா அந்த முனையைப் பார்த்தபடிதான் இருக்கிறது.

5:40 மணிக்கு நடந்தது என்று பால் ஊற்றுபவர் சொன்னார். ஆப்பில் அந்த நேரத்தை ஓட்டிப் பார்த்தால் தெரு காலியாக இருந்தது. 5:57-க்கு வந்தபோதுதான் காட்சி கிடைத்தது. டிவிஆர் கடிகாரம் 17 நிமிடம் முந்தி ஓடுகிறது. போனில் படம் கலங்கலாக இருக்கிறது. ஸ்டேஷனில் பென்டிரைவில் கொண்டுவரச் சொன்னார்கள். 64 ஜிபி பென்டிரைவைச் செருகினால் டிவிஆர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. வீட்டுக்காரர் வெளிநாட்டில். கேமரா மாட்டியவர் போனை எடுப்பதில்லை.

காட்சி எத்தனை நாள் தங்கும்? கடிகாரத்தைச் சரிசெய்துவிடலாமா? தெளிவாக எடுக்க என்ன வழி? அந்த அக்காவுக்கு வேறு ஆள் துணை இல்லை. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

பதில் 1 (கேமரா பொருத்துபவர், மதுரை)

சகோதரி, இன்றைக்கே எடுத்துவிடுங்கள், நாளைக்கு என்று தள்ள வேண்டாம். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் மணிக்கு 0.9 ஜிபி, ஒரு நாளைக்குச் சுமார் 21.6 ஜிபி. நான்கு கேமராவுக்கு 86 ஜிபி. அப்படியானால் 1 டிபி பதினோரு நாளில் நிரம்பிவிடும், அதன்பின் பழையதன் மேலேயே புதியது ஏறும். உங்கள் செட்டிங் இதைவிடக் கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம். மேலே பதிந்துவிட்டால் எந்தக் கடையிலும் திரும்ப எடுக்க முடியாது. எடுத்து முடிக்கும்வரை ஹார்ட் டிஸ்க் மெனுவில் ‘ஓவர்ரைட்’ (பழையதன் மேல் பதிவது) என்பதை அணைத்து வையுங்கள். டிஸ்க் நிரம்பினால் பதிவு நின்றுவிடும், அதனால் வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போட்டுவிடுங்கள். அதே மெனுவில் ‘இனிஷியலைஸ்’ அல்லது ‘ஃபார்மேட்’ என்று இருக்கும். அதைத் தொடவே கூடாது, மொத்தமும் போய்விடும்.

பெரிய பென்டிரைவ் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மேட்டில் இருக்கும். நிறைய டிவிஆர்கள் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மேட்டை மட்டும்தான் படிக்கும். 16 அல்லது 32 ஜிபி பென்டிரைவ் ஒன்றை வாங்கி, கம்ப்யூட்டரில் ஃபேட்32 என்று ஃபார்மேட் செய்துவிட்டுச் செருகுங்கள். மவுஸ் செருகாத இன்னொரு யூஎஸ்பி துளையில்.

ஆப்பை விட்டுவிடுங்கள். டேட்டா மிச்சமாக வேண்டும் என்று அது தரம் குறைத்த சின்ன ஸ்ட்ரீமைக் காட்டும், அதனால்தான் கலங்கல். டிவிஆரை டிவியில் இணைத்து மவுஸில் வலது கிளிக் செய்து பிளேபேக்குக்குப் போங்கள். வாசல் கேமராவை மட்டும் தேர்ந்தெடுங்கள், தேதியைத் தொடுங்கள். கீழே நேரக்கோட்டில் வண்ணப் பட்டை ஓடும். ஹிக்விஷன் கம்பெனி டிவிஆரில் சாதாரணப் பதிவு நீலம், அசைவுப் பதிவு சிவப்பு. டாஹுவா கம்பெனி வகையில் சாதாரணப் பதிவு பச்சை, அசைவுப் பதிவு மஞ்சள். பட்டை இல்லாத இடத்தில் பதிவு இல்லை.

பிறகு பேக்கப் அல்லது எக்ஸ்போர்ட் மெனுவில் டிவிஆர் நேரப்படி 5:40-லிருந்து 6:15 வரை எடுங்கள். இடித்த அந்த அரை நிமிடத்தை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். அதே வண்டி முன்னால் ஒரு முறை தெருவுக்குள் வந்திருக்கலாம், கொஞ்சம் வெளிச்சத்தில் நம்பர் பலகை தெரிந்திருக்கலாம். நான்கு கேமராவையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள்.

கடிகாரத்தை இப்போது தொடாதீர்கள். பின்னால் தள்ளினால் அதே 17 நிமிடம் இரண்டு முறை பதிவாகித் தேடும்போது குழப்பம் வரும். டிவி திரையில் தெரியும் டிவிஆர் நேரத்தையும், பக்கத்தில் போன் காட்டும் சரியான நேரத்தையும் ஒரே போட்டோவாக எடுத்து வையுங்கள். அந்த ஒரு படம் வித்தியாசத்தைச் சொல்லிவிடும். பேக்கப் முடிந்தபின் சரிசெய்யுங்கள். ஒவ்வொரு முறை கரண்ட் போனாலும் நேரம் மாறுகிறது என்றால் உள்ளே இருக்கும் பட்டன் செல்லை மாற்ற வேண்டும்.

பதில் 2

கோப்பு ‘டேவ்’ என்று முடிந்தால் போனில் திறக்காது. கெட்டுப்போய்விட்டது என்று அழித்துவிடாதீர்கள். பேக்கப் எடுக்கும்போது பிளேயரும் சேர்ந்து பென்டிரைவில் ஏறும், கம்ப்யூட்டரில் அதை வைத்துத் திறக்கலாம். எம்பி4 வடிவிலும் ஒரு பிரதி எடுக்க வசதி இருந்தால் எடுங்கள், ஆனால் மூலக் கோப்பை அப்படியே வைத்திருங்கள். வாட்ஸ்ஆப்பில் வீடியோவாக அனுப்பினால் அமுக்கிச் சின்னதாக்கிவிடும். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் ‘டாக்குமென்ட்’ என்று இணைத்து அனுப்புங்கள்.

கேள்வி கேட்டவர்

அண்ணா சொன்னபடி 32 ஜிபி பென்டிரைவில் எல்லாக் கேமராவும் வந்துவிட்டது, ரொம்ப நன்றி. கம்ப்யூட்டரில் படம் எவ்வளவோ தெளிவு. ஆனால் ஹெட்லைட் வெளிச்சத்தில் நம்பர் பலகை வெள்ளையாகப் பூத்துப்போய் இருக்கிறது. இதைச் சரிசெய்ய ஏதாவது சாஃப்ட்வேர் உண்டா?

பதில் 1 (கேமரா பொருத்துபவர், மதுரை)

வெளுத்துப்போன இடத்தில் எழுத்தே பதிவாகவில்லை, சகோதரி. அதை எந்த சாஃப்ட்வேரும் உண்மையாகக் கொண்டுவர முடியாது. செயற்கை நுண்ணறிவு என்று சொல்லிக் கூர்மையாக்கித் தரும் ஆப்கள் இல்லாத எண்ணைத் தாங்களாக எழுதிவிடும், இன்னொருவர் வீட்டு வாசலில் போலீஸ் போய் நிற்கும். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பிளேயரை நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்துங்கள். வண்டி திரும்பும்போது விளக்கு கேமராவை விட்டு விலகும், அந்த ஒன்றிரண்டு ஃப்ரேமில் பின்பலகை தெரியக்கூடும். அது இல்லாவிட்டாலும் தார்ப்பாய் நிறம், பின்கதவில் எழுதியிருக்கும் பெயர், ஒரு பக்கம் எரியாத விளக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். வண்டி போன திசையில் இருக்கும் கடைகள், பெட்ரோல் பங்க் எல்லாவற்றிலும் கேமரா இருக்கும். சரியான நேரம் கையில் இருப்பதால் 5:40-லிருந்து பத்து நிமிடத்தைப் பார்க்கச் சொன்னால் போதும். அங்கேயும் பதிவு அழிந்துகொண்டேதான் இருக்கும், அதனால் இன்றே கேளுங்கள்.

பதில் 3 (வழக்கறிஞர்)

சட்டப் பக்கம் கொஞ்சம். 1.7.2024 முதல் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய சாக்ஷ்ய அதினியம் 2023 நடப்பில் இருக்கிறது. மின்னணுப் பதிவுகளுக்கு முன்பு 65பி என்று கேள்விப்பட்ட சான்றிதழ் இப்போது பிரிவு 63-இல் வருகிறது. பென்டிரைவ் பிரதியைக் கோர்ட்டில் காட்ட இது வேண்டும். இரண்டு பகுதி: முதல் பகுதியில் டிவிஆரைப் பொறுப்பில் வைத்திருக்கும் நீங்கள் கையெழுத்திட வேண்டும், இரண்டாவது நிபுணர் தருவது. இரண்டிலும் கோப்பின் ஹாஷ் மதிப்பு (கோப்புக்குக் கைரேகை போன்ற ஒரு குறியீடு) எழுத வேண்டும். விண்டோஸ் பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹாஷ் கட்டளை கொடுத்தால் எஸ்எச்ஏ-256 முறையில் 64 எழுத்து நீளத்தில் அது வரும். கோப்பில் ஒரு நொடியை வெட்டினாலும் அந்த மதிப்பு மாறிவிடும், அதனால் மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள்.

முடிந்தால் டிவிஆருக்குப் புது ஹார்ட் டிஸ்க் போட்டுவிட்டுப் பழையதைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். அதைக் கம்ப்யூட்டரில் மாட்டினால் ஃபார்மேட் செய்யவா என்று விண்டோஸ் கேட்கும், சம்மதிக்கக் கூடாது. ஸ்டேஷனில் எதைக் கொடுத்தாலும் எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள்.

அடிபட்ட அந்த அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள். வண்டி கிடைத்தால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் காப்பீட்டு நிறுவனத்தின் மீது கோரலாம், சிகிச்சைச் செலவும் வேலையிழப்பும் அதில் வரும். வண்டி கிடைக்கவே இல்லை என்றால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 161-இன்படி கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய், வருவாய்த் துறை வழியாக விண்ணப்பிக்க வேண்டும். இரண்டுக்கும் எஃப்ஐஆர் நகலும் ஆஸ்பத்திரிச் சீட்டுகளும் வேண்டும், ஒன்றையும் தொலைத்துவிடாமல் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.