புதுப்பிப்பு: வெள்ளைச் சட்டைத் துருக்கறைக்குத் தேசிக்காய், ஒரு திருத்தம்

போன பதிவில, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில பிடிச்ச துருவுக்கு தேசிக்காயும் உப்பும் பூசி வெயிலில போடச் சொல்லியிருந்தன். கறை அரைகுறையா நிக்குது எண்டு சிலர் எழுதியிருக்கினம். வன்னி வெயில்தான் காரணம். மத்தியானத்தில கொஞ்ச நேரத்திலேயே சாறு காய்ஞ்சிடும்; ஈரம் இருக்கிற வரைக்கும்தான் தேசிக்காய்ப் புளி துருவைக் கரைக்கும்.

ஒரு தேசிக்காய்ச் சாறு, ஒரு தேக்கரண்டி உப்பு. கறையை நனைச்சுப் பூசி, காலமை வெயிலில விரிச்சு, 15 நிமிசத்துக்கொருக்கா சாறு விடுங்கோ. தவிட்டு நிறம் மங்கி மஞ்சளாகும். பிறகு ஓரத்தில மெல்லிசா ஒரு வளையம் நிக்கும். அதுக்கு இன்னொருக்காப் பூசுங்கோ. நல்லா அலசினாப் பிறகுதான் சவர்க்காரம்.

துணி வெளுக்கிற குளோரின் மட்டும் தயவுசெய்து வேண்டாம். துருவை இன்னும் இறுக்கிப்போடும். புளியோட சேர்ந்தால் நச்சு வாயுவும் கிளம்பும்.

செம்மண் பிரண்டது வேற விசயம்: முழுசாக் காயவிட்டு, உதறி, பிறகு சவர்க்காரத் தண்ணியில ஊறப்போடுங்கோ. ஈரத்தோட தேய்ச்சால் மண் நூலுக்குள்ள இறங்கிடும்.

நிறச் சட்டையெண்டால் முதல்ல உள்மடிப்பில பூசிப் பாருங்கோ, சாயம் வெளிறலாம். சீமெந்துத் தரைத் துருவுக்குத் தேசிக்காய் கூடாது, தரையையே அரிச்சுப்போடும்.